மைதானத்தில் நடத்திய பாடம் - ஒரு திருத்தம்



இது கொஞ்சம் நீளமான பதிவு. வழக்கமாக நான் போடும் கோலப் படமோ பேத்தியின் பாட்டோ இதில் இல்லை. 2008-09-ல் என்னிடம் எட்டாம் வகுப்பு படித்தவர்கள் மட்டுமாவது கடைசி வரை படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். மற்றவர்கள் வேலை இருந்தால் போய்விட்டு ராத்திரி வந்து படியுங்கள்.

சென்ற மாதம் நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு சண்டை நடந்தது. வெயிலைப் பற்றி ஆரம்பித்தது. ஊரில் விவசாயம் பார்க்கும் தம்பி ஒருவன், "முன்ன மாதிரி ராத்திரியிலகூட குளிர மாட்டேங்குது, எல்லாம் இந்தப் புவி வெப்பமாதல்தான்" என்று எழுதினான். உடனே சிங்கப்பூரில் இருக்கும் இன்னொருவன், "அதெல்லாம் வெள்ளைக்காரன் பண்ற பிசினஸ். நம்ம டீச்சரே கிரவுண்டுல கோடு போட்டுக் காட்டுனாங்களே, மறந்துட்டியா?" என்று பதில் போட்டான். அதற்குக் கீழே பதினோரு பேர் கை தட்டியிருந்தார்கள். "ஆமாடா, சுண்ணாம்புக் கோடு! இன்னும் ஞாபகம் இருக்கு!" என்று ஒருத்தி. "டீச்சர் நடத்துன பாடத்திலேயே பெஸ்ட் அதுதான்" என்று இன்னொருத்தன்.

முப்பத்துநாலு வருஷம் பாடம் நடத்தியவளுக்கு இதைவிடச் சந்தோஷம் என்ன வேண்டும் என்று நினைப்பீர்கள். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ஏனென்றால் அந்தப் பாடம் தப்பு.

அது எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன். என் தம்பி மகன் அமெரிக்காவில் இருக்கிறான் என்பது உறவுகளுக்குத் தெரியும். 2007 கோடை விடுமுறைக்கு வந்தபோது விமானத்தில் படித்த தடிப் புத்தகம் ஒன்றை விட்டுவிட்டுப் போனான். "அத்தை, நீங்க இங்கிலீஷ்ல படிச்சுப் பழகணும்னு சொல்லுவீங்கள்ல? இதைப் படிங்க. இதுல சுனாமி வருது" என்றான். மைக்கேல் கிரைட்டன் எழுதிய 'ஸ்டேட் ஆஃப் ஃபியர்'. ஜுராசிக் பார்க் கதையை எழுதினாரே, அதே மனிதர். மருத்துவம் படித்தவர். தலைப்பைத் தமிழில் சொன்னால் 'பயத்தின் பிடியில்' என்று வைத்துக்கொள்ளலாம்.

சுனாமி என்ற சொல்தான் என்னை இழுத்தது. அந்த நாவல் வெளிவந்தது 2004 டிசம்பர் முதல் வாரத்தில். அதே மாதம் 26-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலையில் நம் நாகைக் கடற்கரையில் என்ன நடந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல். என்னிடம் படித்த இரண்டு பிள்ளைகளும் அதில் அடக்கம். நம் பள்ளி உள்ளே தள்ளி இருந்ததால் தப்பித்தது. வகுப்பறைகளில் மக்கள் தங்கியிருந்தார்கள்.

நான்கு நாள் கழித்து, 30-ஆம் தேதி, மறுபடியும் அலை வருகிறது என்று எச்சரிக்கை வந்ததே, நினைவிருக்கிறதா? மிச்சம் இருந்த பாத்திரம் பண்டத்தையும் போட்டுவிட்டு ஜனங்கள் ஓடினார்கள். வயதானவர்களைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஒன்றும் வரவில்லை. எங்கோ ஒரு தனியார் ஆள் கணித்தது, அறிவியல் ஆதாரமே இல்லாதது என்று பிறகு தெரிந்தது. அந்த நாள் என் மனதில் ஆறாமல் இருந்தது. செத்தவர்களுக்காக அழக்கூட விடாமல் பயமுறுத்தினார்களே என்ற கோபம். "இயற்கை பழிவாங்குது", "மனுஷன் பண்ண பாவம்" என்று ஆளாளுக்குப் பேசியது இன்னொரு கோபம். கடலுக்கடியில் சுமத்ரா பக்கம் நிலநடுக்கம் வந்து எழுந்த அலை அது. அதற்கும் நம் பாவத்துக்கும் என்ன சம்பந்தம்?

இந்த மனநிலையில் இருந்தவள் கையில்தான் அந்தப் புத்தகம் கிடைத்தது.

கதை இதுதான். சுற்றுச்சூழல் தீவிரவாதக் கும்பல் ஒன்று செயற்கையாகப் பேரிடர்களை உண்டாக்கத் திட்டமிடுகிறது. அண்டார்டிகாவில் பெரிய பனித்தட்டை வெடி வைத்து உடைப்பது, அரிசோனாவில் திடீர் வெள்ளம் உண்டாக்குவது, சாலமன் தீவுகள் பக்கம் கடலுக்கடியில் வெடித்து சுனாமி எழுப்புவது. எல்லாம் பருவநிலை மாற்றம் பற்றிய மாநாடு ஒன்று நடக்கும் அதே நாட்களில். ஜனங்களைப் பயமுறுத்தினால் நன்கொடை கொட்டும். அவர்களைத் தடுக்கப் புறப்படுகிறவர்கள் கென்னர் என்ற பேராசிரியர், எவன்ஸ் என்ற இளம் வக்கீல், இன்னும் சிலர். வழியெல்லாம் துரத்தல், விஷக்கடி, மின்னல், பனிப்பிளவில் விழுவது.

அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டு மாதம் படித்தேன். துரத்தல் காட்சிகளை வேகமாகப் புரட்டினேன். என்னைப் பிடித்தது மற்றது. விமானத்தில் உட்கார்ந்து கென்னர் வகுப்பு எடுப்பார். வரைபடம் வரும். பக்கத்தின் அடியில் குறிப்பு வரும்: எந்த இதழ், எந்த ஆண்டு, எத்தனையாவது பக்கம். கதையில் வரும் மனிதர்கள் கற்பனை, அடிக்குறிப்புகள் நிஜம் என்று முதலிலேயே அறிவித்துவிடுகிறார் ஆசிரியர். கடைசியில் பத்திக்கணக்கில் தன் சொந்தக் கருத்து, பிற்சேர்க்கை, பெரிய நூல்பட்டியல். ஆசிரியப் பயிற்சிப் பட்டயம் மட்டும் படித்து, இடைநிலை ஆசிரியராகவே வேலையை முடித்தவள் நான். அடிக்குறிப்பு போட்ட புத்தகம் என்றால் எனக்கு மரியாதை வந்துவிடும். நாவலில் அடிக்குறிப்பு போட முடியும் என்பதே அன்று எனக்குத் தெரியாது.

அதில் ஒரு இடம். காற்று மண்டலத்தைக் கால்பந்து மைதானமாக நினைத்துக்கொள் என்கிறார் கென்னர். நூறு கெஜத்தில் எழுபத்தெட்டு வரை நைட்ரஜன். அதிலிருந்து தொண்ணூற்றொன்பது வரை ஆக்சிஜன். மிச்சத்திலும் பெரும்பகுதி ஆர்கான். கரியமில வாயு கடைசியில் ஓர் அங்குலம். இத்தனை வருஷத்தில் மனிதன் அதில் கூட்டியது ஒரு பென்சில் தடிமன்கூட இல்லை. இதற்காகவா உலகமே அலறுகிறது என்று கேட்கிறார்.

படித்த உடனே நம் பள்ளி மைதானம் கண் முன்னால் வந்தது.

2008 ஆகஸ்டு மாதம், விளையாட்டு விழாவுக்கு வாங்கிய சுண்ணாம்புத் தூள் மிச்சம் இருந்தது. வேப்பமரத்தடியில் ஆரம்பித்து நூறு தப்படி. உங்களில் நைட்ரஜனாக எழுபத்தெட்டாவது தப்படி வரை ஓடியது யார், ஆக்சிஜனாக நின்றது யார் என்று இப்போது குழுவில் சண்டை போட்டுக்கொள்கிறீர்கள். கொடிக்கம்பத்துப் பக்கம் கடைசிக் கோட்டில் நான் உட்கார்ந்து இரண்டு விரலைத் தரையில் வைத்துக் காட்டினேன். "இவ்வளவுதான்டா கரியமில வாயு. இதுல மனுஷன் சேர்த்தது இந்தப் பென்சில் கனம். இதைப் போய் உலகம் அழியப் போகுதுன்னு பயமுறுத்துறாங்க. யாராவது பயமுறுத்துனா முதல்ல கணக்குக் கேளுங்க" என்றேன். முப்பத்துநாலு பிள்ளைகளும் ஆரவாரம் செய்தீர்கள். தலைமையாசிரியர்கூட வராந்தாவில் நின்று பார்த்துவிட்டுப் பாராட்டினார்.

கணக்கு சரிதான். இப்போது மறுபடி போட்டுப் பார்த்தேன். நம் தப்படியில் நூறு என்றால் ஏறக்குறைய எழுபத்தைந்து மீட்டர், அதில் கரியமில வாயுவின் பங்கு மூன்று சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. பென்சில் கனமும் சரி. தப்பு கணக்கில் இல்லை. கணக்கிலிருந்து நான் எடுத்த முடிவில் இருந்தது.

அந்த மைதானத்தில் தொண்ணூற்றொன்பது தப்படிக்கு நின்ற நைட்ரஜனும் ஆக்சிஜனும் பூமியிலிருந்து மேலே போகும் வெப்பக் கதிரைத் தடுப்பதே இல்லை. கண்ணாடி போல விட்டுவிடும். ஆர்கானும் அப்படித்தான். அந்த வெப்பத்தை வாங்கித் திருப்பி அனுப்புவது நீராவியும், அந்த இரண்டு விரல் அகலமும், அதைவிடச் சின்னதாக இருக்கும் மீத்தேன் போன்ற சிலவும்தான். இதை 1859-லேயே ஜான் டிண்டல் என்பவர் லண்டனில் ஒரு பித்தளைக் குழாய்க்குள் ஒவ்வொரு வாயுவாக அடைத்து அளந்து பார்த்துவிட்டார். இந்த வாயுக்களே இல்லையென்றால் பூமியின் சராசரி வெப்பம் உறைநிலைக்கு 18 டிகிரி கீழே இருக்கும். எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று மட்டும் நான் கேட்டேன். என்ன வேலை செய்கிறது என்று கேட்கவில்லை. வண்டி ஓட்டுபவர் ரத்தத்தில் சாராயம் நூறு மில்லிக்கு 30 மில்லிகிராமைத் தாண்டினால் நம் நாட்டுச் சட்டப்படி குற்றம். அதுவும் கிட்டத்தட்ட இதே பங்குதான், பத்தாயிரத்தில் மூன்று. அதைக் கோடு போட்டுக் காட்டி போலீஸ்காரரிடம் வாதாட முடியுமா?

இப்போது மற்ற வாசகர்கள் என்ன சொல்கிறார்கள் என்பதற்கு வருகிறேன். குழுவில் அந்தச் சண்டைக்குப் பிறகு இந்த நாவலை நாலைந்து பேர் தேடிப் படித்திருக்கிறீர்கள். சந்தோஷம். சிங்கப்பூர் தம்பிக்கு அது வேதம் மாதிரி ஆகிவிட்டது. "இவ்வளவு ஆதாரம் போட்டவன் பொய் சொல்லுவானா டீச்சர்?" என்கிறான். சென்னையில் வங்கியில் இருக்கும் பெண், "கதை விறுவிறுப்பா இருக்கு டீச்சர், ஆனா ஒருத்தரும் மனுஷங்களா இல்ல. கென்னர் பேசுறார், மத்தவங்க முழிக்கிறாங்க" என்று எழுதினாள். இது மிகவும் சரி. நான் ஆசிரியராக ஒன்று சொல்கிறேன். கென்னரை எதிர்த்துப் பேசுகிற யாருக்கும் அந்தப் புத்தகத்தில் ஒரு நல்ல கேள்விகூடத் தெரியாது. எவன்ஸுக்குத் தெரிந்ததெல்லாம் பத்திரிகைச் செய்தி. பிராட்லி என்று ஒரு நடிகர் வருகிறார், அவர் வெறும் வாய்ச்சவடால். நானே கேள்வி எழுதி, நானே மக்குப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, நானே கெட்டிக்காரப் பிள்ளைக்கு விடையும் சொல்லிக் கொடுத்துவிட்டு, ஆய்வாளர் முன்னால் வகுப்பு நடத்திக் காட்டுவது போல. அதை நானும் செய்திருக்கிறேன், அதனால் எனக்குத் தெரியும்.

மூன்றாவது கருத்து, "கதைதானே டீச்சர், இதுக்குப் போய் இவ்ளோ யோசிக்கணுமா?" என்பது. கதையாக மட்டும் அது நிற்கவில்லை, கண்ணு. 2005 செப்டம்பர் 28-ஆம் தேதி அமெரிக்க செனட்டின் சுற்றுச்சூழல் குழு கிரைட்டனைச் சாட்சியாகக் கூப்பிட்டுக் கருத்துக் கேட்டது. அந்தக் குழுவின் தலைவர் ஜேம்ஸ் இன்ஹோஃப், புவி வெப்பமடைதலே ஒரு புரட்டு என்று பேசி வந்தவர். மறு வருஷம் அமெரிக்கப் பெட்ரோலிய நிலவியலாளர் சங்கம் இந்த நாவலுக்குப் பத்திரிகைத் துறை விருது கொடுத்தது. நாவலுக்குப் பத்திரிகை விருது! பிறகு அதை விஞ்ஞானிகளே கேலி செய்தார்கள். இவ்வளவு தூரத்தில், கடைமடையில், ஒரு நடுநிலைப் பள்ளி மைதானத்தில் நான் அதை நடத்தியும் விட்டேன்.

சரி, அடிக்குறிப்புகள். சிங்கப்பூர் தம்பிக்காக இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். கல்லூரியில் இயற்பியல் நடத்தும் நம் பழைய மாணவன் ஒருவன் மூன்று ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வந்து, மடிக்கணினியை வைத்துக்கொண்டு என்னோடு உட்கார்ந்தான். என் மாணவனிடம் நான் மாணவியாக உட்கார்ந்தேன், சுகமாகத்தான் இருந்தது. (அவனுக்கு அதிரசம் செய்து கொடுத்தேன், அது வேறு கதை.)

1988-ல் ஜேம்ஸ் ஹான்சன் என்ற நாசா விஞ்ஞானி அமெரிக்க செனட்டில் சாட்சி சொன்னார். அவருடைய கணிப்பு முந்நூறு சதவீதம் தப்பாகப் போயிற்று என்கிறது நாவல். ஹான்சன் அன்று காட்டியது ஒரு கோடு இல்லை, மூன்று கோடு. வாயுக்கள் மிக வேகமாகக் கூடினால் இப்படி, நடுத்தரமாகக் கூடினால் இப்படி, கட்டுப்படுத்திவிட்டால் இப்படி. நடுக்கோடுதான் நடக்கக்கூடியது என்று அவரே சொன்னார். நடந்ததும் ஏறக்குறைய அதுதான். பத்து வருஷம் கழித்து அவரை எதிர்த்தவர் ஒருவர் கீழே இருந்த இரண்டு கோட்டையும் விட்டுவிட்டு, மேல் கோட்டை மட்டும் காட்டி, பார் எவ்வளவு தப்பு என்றார். நாவல் அந்தக் கதையை அப்படியே எடுத்துக்கொண்டது. பிள்ளை மூன்று படியும் போட்டுக் கணக்கு எழுதியிருக்க, இரண்டு படியை அழித்துவிட்டு மார்க் போடுவது மாதிரி.

இன்னொன்று, அண்டார்டிகா குளிர்ந்துகொண்டிருக்கிறது என்பது. அதற்கு அடிக்குறிப்பு உண்டு, 2002-ல் நேச்சர் இதழில் வந்த கட்டுரை, நிஜமான கட்டுரை. அதை எழுதிய பீட்டர் டோரன் என்ற விஞ்ஞானியே 2006-ல் நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் வருத்தப்பட்டு எழுதினார். அண்டார்டிகாவின் ஒரு பகுதி சில காலம் குளிர்ந்தது என்றுதான் நாங்கள் கண்டோம், பூமி வெப்பமாகவில்லை என்று நாங்கள் சொல்லவே இல்லை, எங்கள் ஆய்வைத் தப்பாகப் பயன்படுத்துகிறார்கள், அதில் இந்த நாவலும் ஒன்று என்று. குறிப்பு உண்மை, கட்டுரை உண்மை, பக்க எண்ணும் உண்மை. அந்த மனிதர் சொல்ல வந்தது மட்டும் வேறு. இதைப் படித்தபோதுதான் எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

நகரங்களின் சூடு பற்றிய வரைபடங்களும் அப்படி. நியூயார்க் நகரம் சூடாகியிருக்கிறது, பக்கத்தில் இருக்கும் சின்ன ஊர் ஆகவில்லை, ஆகவே கட்டடமும் தார்ச்சாலையும்தான் காரணம் என்கிறது. தார்ச்சாலை சுடும் என்பது உண்மைதான், அதைக் கழித்துவிட்டுத்தான் கணக்குப் போடுகிறார்கள். அதோடு, கடலும் சூடாகியிருக்கிறதே? வங்கக் கடல் நடுவில் எந்தப் பேருந்து நிலையம் இருக்கிறது?

முதல் தடவை படித்தபோதே ஓர் இடத்தில் எனக்கு உறைத்திருக்க வேண்டும். டிடிடி மருந்தைத் தடை செய்ததால் கோடிக்கணக்கான ஏழைகள் மலேரியாவில் செத்தார்கள் என்று கென்னர் ஒரு பிரசங்கம் செய்வார். அமெரிக்கா 1972-ல் தடை செய்தது, உண்மை. ஆனால் அதற்குப் பிறகும் நம் ஊரில் டிடிடி அடிக்க ஆள் வருவார்களே! வீட்டுச் சாமானையெல்லாம் வாசலில் இழுத்துப் போட்டுவிட்டு நிற்போம். அடித்து முடித்து, சுவரில் தேதி எழுதிவிட்டுப் போவார்கள். என் பிறந்த வீட்டுச் சுவரில் அந்த எழுத்து வெகுகாலம் இருந்தது. மலேரியாவுக்கு அதை நம் அரசாங்கம் அப்போது நிறுத்தவில்லை. என் கண்ணால் பார்த்ததையே ஒரு புத்தகம் இல்லை என்று சொன்னபோது, நான் புத்தகத்தை நம்பினேன்.

புத்தகத்தில் ஒன்றுமே இல்லை என்று சொல்ல மாட்டேன். எது நடந்தாலும் அதைப் பருவநிலை மாற்றத்தின் தலையில் கட்டி ஜனங்களைப் பயமுறுத்துகிறார்கள் என்பது பாதி உண்மை. 2018 நவம்பரில் கஜா புயல் வந்து வேதாரண்யம் பக்கம் தென்னையெல்லாம் சாய்ந்து கிடந்தபோது, என் பேச்சைக் கேட்க வந்த ஒரு தம்பியிடம் இது வெப்பமயமாதலால்தான் வந்தது என்று நான் சொல்லவில்லை. இப்போதும் சொல்ல மாட்டேன். ஒரு புயலைக் காட்டி அப்படிச் சொல்ல முடியாது. நம் கடைமடையில் கிணற்று நீர் உப்பாவதற்கு ஆற்றில் தண்ணீர் குறைந்தது, இறால் பண்ணை, அளவில்லாமல் மோட்டார் போட்டு இறைத்தது என்று நம் கைவேலையே நிறைய இருக்கிறது. விவசாயத் தம்பி சொன்ன ராத்திரிப் புழுக்கமும் அப்படியே. அவன் உணர்ந்ததை நான் மறுக்கவில்லை. ஆனால் வருஷக்கணக்கான அளவீடு ஒன்று, நம் வியர்வை ஒன்று. கிரைட்டன் அந்த அளவீட்டோடு நின்றிருந்தால் எனக்குச் சண்டையே இல்லை.

அவர் கடைசியில் தன் கருத்து என்று எழுதிய பகுதியில், அடுத்த நூறு வருஷத்தில் வெப்பம் 0.812436 டிகிரி கூடும் என்று என் ஊகம் என்கிறார். கணிப்பவர்களைக் கிண்டல் செய்யத்தான் அத்தனை தசம இடம். அந்தப் பகுதியில் அவரே கரியமில வாயு கூடுகிறது, மனிதன் காரணமாக இருக்கலாம் என்று ஒத்துக்கொள்கிறார். அதை நான் அன்று கவனிக்கவே இல்லை. 2004-ல் காற்றில் பத்து லட்சத்துக்கு 377 பங்கு இருந்த கரியமில வாயு 2024-ல் 424 ஆகிவிட்டது. தொழிற்சாலைகள் வருமுன் அது 280. அதாவது நான் மைதானத்தில் காட்டிய பென்சில் இன்னும் தடித்துவிட்டது, பழைய அளவில் பாதிக்கு மேல் கூடிவிட்டது. அவர் நூறு வருஷத்துக்கு ஒதுக்கிய வெப்பத்தில் ஏறக்குறைய பாதி இந்த இருபது வருஷத்திலேயே வந்துவிட்டது. அதைப் பார்க்க அவர் இல்லை. 2008 நவம்பரில், நான் அந்தப் பாடம் நடத்தி மூன்று மாதம் கழித்து, இறந்துபோனார்.

நாவலில் வனூட்டு என்று ஒரு கற்பனைத் தீவு நாடு வருகிறது. கடல் ஏறுகிறது என்று அமெரிக்கா மேல் வழக்குப் போடப் போகிறது, அதை வெறும் விளம்பர நாடகமாகத்தான் கதை காட்டுகிறது. சாலமன் தீவு மக்களோ கதையில் மனிதக் கறி தின்பவர்கள். அந்த நடிகர் பிராட்லியைத் தின்றே விடுகிறார்கள். முதல் தடவை படித்தபோது அந்தக் காட்சியில் எனக்குச் சிரிப்புகூட வந்தது, வெட்கத்தோடு ஒத்துக்கொள்கிறேன். நிஜத்தில் வனுவாட்டு என்று ஒரு நாடு இருக்கிறது. அங்கே தென் பசிபிக் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்த 27 பிள்ளைகள், சாலமன் தீவுப் பிள்ளைகளும் சேர்ந்து, 2019-ல் ஒரு யோசனை செய்தார்கள். இதை உலக நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்று. வனுவாட்டு அரசாங்கம் அதை எடுத்துக்கொண்டு ஐ.நா. சபையில் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜூலை 23-ஆம் தேதி ஹேக் நகரில் சர்வதேச நீதிமன்றம் கருத்துரை சொல்லியிருக்கிறது, பருவநிலையைக் காப்பது நாடுகளின் சட்டப்படியான கடமை என்று. வகுப்பறையில் ஆரம்பித்த விஷயம். தொலைக்காட்சியில் அந்தப் பிள்ளைகளைப் பார்த்தபோது உங்கள் வகுப்புதான் ஞாபகம் வந்தது.

சரி, இவ்வளவும் தெரிய எனக்குப் பதினேழு வருஷம் ஆயிற்றா என்று கேட்பீர்கள். இல்லை. அதுதான் நான் இங்கே எழுத வேண்டியதே. சமச்சீர்க் கல்வி வந்து புதுப் புத்தகம் கொடுத்தபோதே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அதற்குப் பிறகு மைதானத்துப் பாடத்தை நான் நடத்தவில்லை. சத்தம் போடாமல் விட்டுவிட்டேன். அடுத்தடுத்த வருஷப் பிள்ளைகளுக்குப் புத்தகத்தில் இருந்ததை மட்டும் வாசித்துக் காட்டினேன். உங்களில் யாரையாவது பஸ் ஸ்டாண்டில், கல்யாண வீட்டில் பார்க்கும்போது அதைச் சொல்லியிருக்கலாம். நீங்கள் "அந்தச் சுண்ணாம்புக் கோடு டீச்சர்!" என்று ஆசையாக ஆரம்பிப்பீர்கள். நானும் சிரித்துக்கொண்டு நிற்பேன். 2019-ல் ஓய்வு பெற்ற அன்று நடந்த விழாவில்கூட ஒருவன் மேடையில் அதைச் சொல்லிப் பாராட்டினான். மாலையோடு உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. அன்று மைதானத்தில் எல்லாரும் ஆரவாரம் செய்யவில்லை. ஒரு பெண் கை தூக்கினாள். பெயரை இங்கே எழுதவில்லை, அவளைக் கேட்காமல் எழுதுவது சரியில்லை. எண்ணெய் வைத்து இழுத்துப் பின்னிய இரட்டைச் சடை, முதல் வரிசை, ஆர்கான் ஆர்கான் என்று நீங்கள் கேலி செய்தீர்களே, அவள்தான். "டீச்சர், செடி கொடி மரம் நெல்லு எல்லாம் இந்த ரெண்டு விரல் காத்தை வச்சுதானே சோறு பொங்குது? அப்ப இது கொஞ்சம்னு எப்படிச் சொல்றது?" என்று கேட்டாள்.

அதற்கு முந்தின வாரம்தான் ஒளிச்சேர்க்கை நடத்தியிருந்தேன். அவள் அதைக் கொண்டுவந்து இதில் வைத்தாள். கென்னரை ஒரே கேள்வியில் மடக்கக்கூடியது அது. நாவல் முழுக்க எவன்ஸ் கேட்டிருக்க வேண்டிய, கேட்காத கேள்வி. அந்த இரண்டு விரல் அகலத்திலிருந்துதான் உலகத்துப் பச்சை அத்தனையும் வருகிறது என்றால், அதைப் பென்சில் கனம் கூட்டினால் ஒன்றும் ஆகாது என்று எந்த நியாயத்தில் சொன்னேன்?

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அதெல்லாம் பெரிய கிளாஸுக்குப் போய்ப் படிச்சுக்கோ, இப்ப உக்காரு." எல்லாரும் சிரித்தீர்கள். அவள் உட்கார்ந்துவிட்டாள். அந்த வருஷம் முழுக்க அவள் மறுபடி கை தூக்கியதாக எனக்கு ஞாபகம் இல்லை.

அவள் பெரிய கிளாஸுக்குப் போகவில்லை. எட்டாவதோடு நிறுத்திவிட்டு, குடும்பத்தோடு திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். அதற்கு நான் காரணம் என்று சொல்ல வரவில்லை, அவள் அப்பாவுக்குக் கடன் இருந்தது. குழுவிலும் அவள் இல்லை. யாரிடமும் நம்பர் இல்லை என்கிறார்கள்.

உங்களில் திருப்பூரில் இருப்பவர்கள் நாலைந்து பேர் உண்டு. அவளுடைய அத்தை மகள் பள்ளிக்கூடத் தெருவில் இருந்தவள், அவளைக் கேட்டால் தெரியலாம். நம்பர் கிடைத்தால் எனக்குத் தனியாக அனுப்புங்கள். இங்கே பின்னூட்டத்தில் போட வேண்டாம். இந்தப் பதிவை அவளுக்கு யாரும் அனுப்பவும் வேண்டாம், நானே பேசிக்கொள்கிறேன்.

சிங்கப்பூர் தம்பிக்கு: உன் மேல் எனக்குக் கோபம் இல்லை. நான் சொல்லிக் கொடுத்ததைத்தான் நீ சொன்னாய். தைப்பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது வீட்டுக்கு வா, புத்தகத்தை அடிக்குறிப்போடு உட்கார்ந்து பார்ப்போம். இயற்பியல் தம்பியையும் வரச் சொல்கிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்